பந்தின் பின்னே ஓடும் நெஞ்சம்

காற்பந்தாட்டத்தில் களத்தில் நின்று ஆடுவோர் இருபத்திருவர். ஆயினும் ஆட்டம் முடிந்தபின் களைத்துப்போவோர் அவர் மட்டுமல்லர். களத்தின் புறத்தே நின்றும், நெடுந்தொலைவில் தம் இல்லத்தில் இருந்தும், கால் ஓடாது நெஞ்சம் ஓட, நா வறள, கைகளைப் பிசைந்துகொண்டு ஆட்டத்தை நோக்குவோர் பலர். அவரை இரசிகர் என்று உலகம் வழங்கும். ஓர் ஆட்டப் பருவம் தொடங்கி முடியுமளவும் இவ்விரசிகர் நெஞ்சில் அச்சமும் நம்பிக்கையும் மாறி மாறி எழுவது ஏன், அவை எவ்வாறு வளர்கின்றன, அவற்றால் விளையும் பயன் யாது என்பவற்றை, விருதுநகர் மாவட்டத்தில் வேரூன்றிய அணியொன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

பிறர் ஆடும் ஆட்டத்திற்காக ஒருவன் உணவும் உறக்கமும் மறந்து கவலையுறுதல் பேதைமை என்பார் உளர். அவர்க்கு எம் ஆசிரியராகிய தொல்காப்பியரே விடை கூறியுள்ளார் என்பது எம் எண்ணம். பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் அவர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களையும் எடுத்துரைக்கின்றார். அவற்றுள் உவகை பிறக்கும் இடங்கள் நான்கனுள் விளையாட்டும் ஒன்று. செல்வத்தோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க இன்ப வாயிலாக விளையாட்டை அப்பெரியார் கருதினாராயின், அதனால் நெஞ்சு நெகிழ்வதை நாணத்தக்க குற்றமென யாம் ஏன் கொள்ளல் வேண்டும்?

இனி, யாம் எடுத்துக்காட்டாகக் கொண்ட அணி சேது மகளிர் காற்பந்து அணியாகும். இது 2016-இல் தோன்றியது. உலகம் இதனை மதுரை அணி என்றே வழங்கும். ஆனால் இதற்குப் பெயர் தந்த சேது தொழில்நுட்பக் கல்லூரியோ காரியாபட்டியை அடுத்த புல்லூரில், விருதுநகர் மாவட்ட எல்லைக்குள் அமைந்துள்ளது. இவ்வணி வென்ற நாளில் மதுரையார் 'எம் அணி' என்பர். விருதுநகரார் 'எம் மண்' என்பர். தோற்ற நாளில் இருவரும் இவ்வழக்கை எழுப்புவதில்லை. இதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

இம்மாவட்டத்தின் இயல்பை அறியாதார்க்கு ஒரு சொல். மழை குறைந்த கரிசற் காடு இது. விருதுநகர் வணிகத்தாலும், சிவகாசி தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களாலும் வாழ்கின்றன. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று மீண்டனர். அதிலிருந்தே இத்தொழில்கள் கிளைத்தன. மழை பொய்த்த மண்ணில் மருந்தும் திரியும் சோறு போட்டன. இத்தகைய நாட்டில் காற்பந்து, அதிலும் மகளிர் காற்பந்து, தழைக்கும் என எவரும் எதிர்பார்த்திரார். எதிர்பாராத இடத்தில் முளைத்த பயிரின்மீது உழவனுக்குப் பரிவு மிகுவது இயல்பன்றோ? இரசிகர் பரிவும் அத்தகையதே.

இந்திய மகளிர் லீக் என்னும் நாடளாவிய போட்டி 2017-இல் தொடங்கிற்று. தொடக்க ஆண்டுகளில் அணிகள் யாவும் ஒரே நகரில் கூடிச் சில வாரங்களுள் ஆடி முடித்தன. 2019-இல் பஞ்சாபு நாட்டு லூதியானாவிலும், 2020-இல் பெங்களூரிலும், 2022-இல் புவனேசுவரத்திலும் அப்போட்டி நிகழ்ந்தது. ஆகலின் அருப்புக்கோட்டையிலோ சாத்தூரிலோ இருக்கும் இரசிகர் தம் அணியைக் கண்ணெதிரே காண்பது அரிது. உள்ளங்கை அளவான கைப்பேசித் திரையே அவருக்குக் களம். மின்தடை ஏற்பட்டாலோ, இணைய இழை அறுந்தாலோ, பந்து நடுவானில் நின்றுவிடும். அது வலைக்குள் புகுந்ததா புறத்தே சென்றதா என்பது தெரியாத அந்த இடைவெளியில் அவர் உள்ளம் படும் பாடு சொல்லுந் தரத்ததன்று.

இவ்வச்சம் எதனால் உண்டாகின்றது என்பதை இனி ஆராய்வோம். காரணங்கள் மூன்று என்பது எம் கருத்து.

முதலாவது, கோல் என்பதன் அருமை. கூடைப்பந்தில் ஒரே ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட எண்களை ஈட்டுதல் உண்டு. அங்ஙனம் எண்கள் மிகும் ஆட்டத்தில் வல்லவன் ஒருமுறை தவறினும் பலமுறை ஈடுசெய்துகொள்வான். முடிவில் வன்மையே வெல்லும். காற்பந்திலோ தொண்ணூறு நிமிடம் ஓடியும் இரண்டு மூன்று கோல்கள் விழுதலே பெரும்பான்மை. ஒரு தடுமாற்றம், ஒரு காற்று வீச்சு, நடுவரின் ஓர் ஊதல் முடிவை மாற்றிவிடும். வல்ல அணி மெல்லிய அணியிடம் தோற்பது இவ்வாட்டத்தில் அடிக்கடி நிகழ்வது இதனாலேயே. ஆகவே வலிய அணியின் இரசிகருக்கும் அமைதியில்லை. மெலிந்த அணியின் இரசிகருக்கும் நம்பிக்கை அறுவதில்லை. அச்சத்தையும் நம்பிக்கையையும் ஒரே காம்பில் பூக்கச் செய்வது இவ்வாட்டத்தின் கணக்கே.

இரண்டாவது, செயலின்மை. ஆடுபவள் அச்சமுறுவாளாயின் அவ்வச்சத்தைக் காலுக்கு ஏற்றி ஓடிவிடுகின்றாள். பயிற்றுநர் ஒருத்தியை வெளியேற்றி மற்றொருத்தியை இறக்குகின்றார். இரசிகருக்கோ செய்வதற்கு ஒன்றுமில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாதபோது மனிதன் சடங்குகளைத் தேடுகின்றான். சென்ற வெற்றியின்போது அணிந்த சட்டையையே மீண்டும் அணிதல், அமர்ந்த நாற்காலியை விட்டு எழாதிருத்தல், 'நான் பார்த்தால் தோற்றுவிடும்' என்று கூறி முற்றத்தில் உலாவுதல் முதலியன யாவும் செயலற்ற நெஞ்சம் செயலுண்டெனத் தன்னை ஏமாற்றிக்கொள்ளும் வழிகளே. அளவையியல் பயிலும் மாணவரும் அரையிறுதி நாளில் இவற்றுக்கு விலக்கல்லர் என்பதை விடுதிவாசிகள் நன்கறிவர்.

மூன்றாவது, போட்டியின் அமைப்பு. தோற்றவர் உடனே விலகும் முறை ஒன்று. எல்லாரும் எல்லாரோடும் ஆடி எண் சேர்க்கும் லீக் முறை மற்றொன்று. முன்னையதில் அச்சம் கூரியது, ஆனால் குறுகியது. ஒரே மாலையில் முடிந்துவிடும். பின்னையதில் அச்சம் மெல்லியது, ஆனால் நீண்டது. வெற்றிக்கு 3 எண், சமனுக்கு 1 எண், தோல்விக்கு ஒன்றுமில்லை என்பது விதி. இரு அணிகள் எண்ணில் ஒத்து நின்றால், அடித்த கோல்களினின்று வாங்கிய கோல்களைக் கழித்து வரும் மிச்சத்தை நோக்குதலும் உண்டு. இதனால் லீக் முறையில் பற்றுடையோர் தம் அணியின் ஆட்டத்தை மட்டும் நோக்கி அமைதல் இயலாது. பகையணி எவ்வூரில் எத்துணைக் கோல் அடித்தது என்பதையும் அறிந்தாக வேண்டும். கணிதத்தில் நாட்டமில்லாத எம்போன்ற தமிழ் மாணவரும் இப்பருவத்தில் கூட்டல் கழித்தலில் வல்லுநராகிவிடுகின்றோம்.

இம்மூன்று காரணங்களும் ஒருங்கு திரண்டு வந்த நாள் ஒன்றுண்டு. அந்நாளுக்கு முன் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 2019 மே 22-ஆம் நாள் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில் சேது அணி மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என வென்று இந்திய மகளிர் லீக் வாகையைச் சூடிற்று. காற்பந்தில் மணிப்பூர் மகளிரின் புகழ் நாடறிந்தது. நெடுங்காலம் மகளிர் தேசியப் பட்டங்களைத் தம் உடைமைபோல் வைத்திருந்தவர் அவர். அத்தகையோர் வழிவந்த அணியைத் தென்கோடியின் கரிசற் காட்டுப் பெயர் தாங்கிய அணி வென்றது பெருமிதம் தரும் செய்தியன்றோ? அவ்வணியில் நேபாள நாட்டின் புகழ்பெற்ற வீராங்கனை சபித்ரா பண்டாரியும் ஆடினார். அடுத்த பருவத்தில் அவரே கேரளத்துக் கோகுலம் அணியின் உடையில் தோன்றினார். 2020-இல் சேது அணி அரையிறுதியில் அக்கோகுலத்திடமே தோற்றது. நேற்று நம் ஆரவாரத்தைப் பெற்ற கால் இன்று நம் வலையை நோக்கி வரும் என்பதை அப்பருவம் உணர்த்திற்று. பின்னர்ப் பெருந்தொற்றினால் 2020–21 பருவம் நடைபெறாமலே போயிற்று.

2022-இல் போட்டி மீண்டது. அணிகள் 12, ஒவ்வோர் அணிக்கும் 11 ஆட்டங்கள். சேது அணி முதற் பத்து ஆட்டங்களையும் வென்றது. கோகுலமும் பத்தையும் வென்றது. இருவருக்கும் 30 எண்கள். விதியின் விளையாட்டோ, அட்டவணை வகுத்தோர் திறமோ, பதினோராவதாகிய இறுதி ஆட்டம் இவ்விருவர்க்கிடையே அமைந்திருந்தது. கோல் மிச்சத்தில் கோகுலம் முன்னின்றது. ஆகலின் அவர்க்குச் சமன் போதும், சேதுவுக்கோ வெற்றி வேண்டும். மே 26-ஆம் நாள் புவனேசுவரத்துக் கலிங்க அரங்கில் ஆட்டம். அவ்வாண்டு நம் நாட்டில் பள்ளிப் பொதுத்தேர்வுகளும் அம்மே மாதத்திலேயே நிகழ்ந்தமையால், இரு தேர்வுகளையும் ஒருங்கு எழுதிய மாணவர் சிலர் இருந்தனர் எனக் கூறின் மிகையாகாது.

அந்நாளில் சேது அணிப் பற்றாளர் நெஞ்சில் எழுந்தவற்றைத் தொல்காப்பியர் வகுத்த வழியிலேயே கூறிவிடலாம். ஆட்டம் தொடங்கி மூன்றாம் நிமிடத்திலேயே சேது அணியின் ரேணு கோல் அடித்தார். எதிர்பாராத ஆக்கம், அது மருட்கை. மருட்கையின் பின்னே உவகை. உவகையின் பின்னே உடனே அச்சம். இவ்வச்சம் எவ்வகையது? அச்சம் பிறக்கும் இடங்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், தம் தலைவர் என நான்கினை நூல் கூறும். காற்பந்து இரசிகரின் அச்சம் இவற்றுள் கள்வரச்சத்தின்பாற் படும் என்போம். என்னை? கையில் பொருள் இல்லாதவன் கள்வனுக்கு அஞ்சான். ஒரு கோல் முன்னின்றவனே தொண்ணூறாம் நிமிடம்வரை கதவை நோக்கிக்கொண்டிருப்பான்.

கள்வர் வந்தே விட்டனர். கோகுலத்தின் தலைவி ஆஷாலதா தேவி தண்ட உதையால் சமன் செய்தார். கானா நாட்டு எல்ஷதாய் அச்செம்போங் இரண்டாவதை அடித்தார். மனீஷா கல்யாண் மூன்றாவதை அடித்தார். இவை யாவும் முதற்பாதி முடியுமுன்னரே நிகழ்ந்தன. எஞ்சிய நாற்பத்தைந்து நிமிடமும் சேதுவின் மகளிர் ஓடினர், வலை அசையவில்லை. 3–1 என ஆட்டம் முடிந்தது. பத்து வெற்றிகளும் ஒரு தோல்வியும் பெற்ற அணி இரண்டாம் இடம் எய்தியது. அழுகைக்கு நூல் கூறும் நிலைக்களன்களுள் ஒன்று இழவு, உடைமையை இழத்தல். நாற்பது நாள் சேர்த்த பொருளை நாற்பது நிமிடத்தில் இழந்தார் அழுதல் இலக்கண வழுவன்று.

ஆயினும் இரசிகர் தம் நிலைமையை ஒருபடி விலகி நின்றும் நோக்குதல் வேண்டும். அமெரிக்க நாட்டில் கல்லூரிகளுக்கிடையே ஆடப்படும் காற்பந்து, நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அதன்மீது அந்நாட்டு மாணவர் கொண்டுள்ள பற்று பெரிது. ராபர்ட் சியால்டினி என்னும் உளநூலறிஞரும் அவர்தம் துணைவரும் ஏழு பல்கலைக்கழகங்களில் நடத்திய ஓர் ஆராய்ச்சியை 1976-இல் வெளியிட்டனர். வார இறுதியில் தம் அணி வென்றிருந்தால், திங்கட்கிழமை வகுப்பிற்குக் கல்லூரிப் பெயர் பொறித்த உடையோடு வருவோர் தொகை மிகுந்திருந்ததாம். மேலும், வெற்றியைப் பற்றி வினவியபோது 'யாம் வென்றோம்' என்று விடை கூறும் போக்கும், தோல்வியைப் பற்றி வினவியபோது 'அவர்கள் தோற்றனர்' எனத் தம்மை விலக்கிக்கொள்ளும் போக்கும் புலப்பட்டன. மதுரையாரும் விருதுநகராரும் வென்ற நாளில் மட்டும் அணியின் உரிமைக்காக வழக்காடுவதன் காரணம் இப்போது விளங்கும்.

'யாம்' என்னும் சொல் தன்மைப் பன்மை எனச் சிறுவகுப்பிலேயே கற்றோம். அப்பன்மைக்குள் யார் யார் அடங்குவர் என்பதை வெற்றி நாளன்று, தோல்வி நாளே காட்டித் தருகின்றது. புவனேசுவரத்து மாலையில் 'யாம் தோற்றோம்' என்று சொன்னவர் எவரோ அவரே அவ்வணியின் இரசிகர். ஏனையோர் வழிப்போக்கர்.

பற்று அளவிறந்து போதலும் நன்றன்று. 2006-இல் செருமனி நாட்டில் உலகக் கோப்பை நடந்தபோது, அந்நாட்டு அணி ஆடிய நாட்களில் மியூனிக்கு நகர்ப் பகுதியில் இதய நோய்க்கான அவசர நிகழ்வுகள் ஏனைய நாட்களினும் 2.66 மடங்கு மிகுந்தன என 2008-இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. நெஞ்சம் பந்தின் பின்னே ஓடுகின்றது என்பது வெறும் உருவகமன்று. உடலும் உடன் ஓடுகின்றது. ஆகவே அச்சத்தின் அளவை அறிதல் வேண்டும். அதனை அறிதற்கு விருதுநகர் மாவட்டத்தினும் தக்க இடம் வேறில்லை.

என்னையெனின், இம்மாவட்டத்தில் மெய்யான அச்சம் எதுவென எல்லாரும் அறிவர். பட்டாசுத் தொழிலுக்கும் ஒரு பருவம் உண்டு. ஆண்டு முழுதும் மருந்து கலந்து, குழாயில் செலுத்தி, திரி வைத்து, சரம் பின்னி, வெயிலில் உலர்த்திச் செய்த உழைப்பெல்லாம் தீபாவளி என்னும் ஒரு நாளை நோக்கியே செல்கின்றது. வானத்தில் கருமுகில் கண்டால் பிற மாவட்டத்தார் மகிழ்வர்; பட்டாசை உலர்த்தியிருப்பவரோ கலங்குவர். 2018-இல் உச்சநீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்துத் தீர்ப்பளித்தபின், தொழில் எந்நாள் நடக்கும் எந்நாள் நிற்கும் என்னும் கவலையும் சேர்ந்தது. இவை யாவற்றினும் பெரிய அச்சம் ஒன்றுண்டு. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். தொலைவில் ஓர் ஓசை கேட்டவுடன் 'எந்த ஆலை?' என்று தெருவிற்கு ஓடிவரும் தாயின் அச்சத்திற்கு முன், ஒரு கோலுக்காக யாம் படும் அச்சம் விளையாட்டச்சமே. அதனை விளையாட்டச்சம் என அறிந்தே படுதல் வேண்டும். மெய்யச்சத்தால் இறுகிய நெஞ்சத்துக்கு விளையாட்டச்சம் ஓர் ஆறுதல். உயிரிழப்பின்றி அஞ்சவும், கேடின்றித் தோற்கவும், மறுநாள் எழவும் அது பழக்குகின்றது.

இங்கு ஒரு செய்தியை மறத்தலாகாது. சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலில் சிறுவரும் சிறுமியரும் பெருந்தொகையாக உழைத்த காலம் ஒன்றிருந்தது. அக்கொடுமை பற்றிய வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் மாதத்தில் தீர்ப்பளித்து, இடர்மிக்க தொழில்களினின்று குழந்தைகளை மீட்டுக் கல்வியளிக்க ஆணையிட்டது. விளையாடும் பருவத்தில் தீக்குச்சி அடுக்கிய விரல்களை எண்ணிப் பார்ப்போமாயின், அதே மாவட்டத்துக் கல்லூரியின் பெயரால் பெண்கள் பந்தாடி நாட்டின் வாகையைச் சூடியது எத்துணைப் பெரிய மாற்றம் என்பது புலனாகும். ஆட்டத்திற்கு முதலாவதாக வேண்டுவது பந்தன்று, ஓய்வுபொழுது. அதனைப் பெற்ற பெண்மக்களின் ஆட்டத்தைக் காண்பதில் எமக்குண்டாகும் உவகை வெறும் வெற்றியுவகையினும் ஆழமானது.

இவ்விடத்து இங்கிலாந்து நாட்டு வரலாறொன்று நினைவிற்கு வருகின்றது. முதல் உலகப் போரின்போது பிரெஸ்டன் நகரில் டிக் கெர் என்னும் தொழிற்சாலை போர்த்தளவாடங்கள் செய்தது. அங்கு வேலை செய்த பெண்கள் 1917-இல் காற்பந்து அணியொன்று அமைத்தனர். வெடிமருந்துக் காலத்துப் பெண் தொழிலாளர் பந்தாடப் புகுந்தனர் என்பது சிவகாசி நாட்டார்க்கு நெருங்கிய செய்தியே. 1920 டிசம்பர் 26-ஆம் நாள் லிவர்பூல் நகரத்து அரங்கொன்றில் அவர்தம் ஆட்டத்தைக் காண 53,000 பேர் கூடினர். அடுத்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், காற்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறி, அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம் தன் அணிகளின் களங்களைப் பெண்களுக்கு அடைத்துவிட்டது. அத்தடை ஏறத்தாழ ஐம்பதாண்டு நின்றது. அவ்வணி களத்தில் தோற்று மறையவில்லை, களமே மறுக்கப்பட்டது.

மாணவ அன்பர்களே, இரசிகரின் அச்சங்களுள் தலையாயது எது என்பதற்கு இதுவே விடை. 'என் அணி நாளை வெல்லுமா?' என்பது மேலோட்டமான அச்சம். 'என் அணி நாளை ஆடுமா?' என்பதே உள்ளாழ்ந்த அச்சம். இந்திய மகளிர் லீக் 2023–24 முதல் ஊர்தோறும் சென்று ஆடும் நீண்ட முறைக்கு மாறிற்று. இதனால் இரசிகருக்கு நன்மை உண்டு. அணிகளுக்கோ பயணச் செலவும் தங்கும் செலவும் மிகுந்தன. பெருஞ்செல்வர் நடத்தும் ஆடவர் போட்டியும் இடர்க்கு விலக்கன்று. 2015-இலும் 2018-இலும் இந்தியன் சூப்பர் லீக் வாகை சூடிய சென்னையின் அணியும் 2025-இல், அப்போட்டியின் உரிமை ஒப்பந்தம் பற்றிய சிக்கலால் பருவம் தொடங்காது நின்றபோது, தன் ஆட்டப் பணிகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. வாகை சூடிய அணிக்கே இந்நிலையெனின், சிற்றூர் மகளிர் அணியின் நிலையை எண்ணிப் பார்க்க.

இனி நம்பிக்கையின் இயல்பைக் கூறி முடிப்போம். நம்பிக்கை என்பது வெற்றி உறுதி என எண்ணுதலன்று; அது கணிப்பு. தோல்வி கூடும் எனத் தெரிந்தும் மீண்டும் வந்து அமர்தலே நம்பிக்கை. கரிசற் காட்டு உழவன் சென்ற ஆண்டு மழை பொய்த்ததை அறிந்தும் இவ்வாண்டு விதைக்கின்றான். அவன் விதைப்பினால் மழை வந்துவிடுவதில்லை. ஆனால் மழை வந்தால் விளைவது விதைத்த நிலத்திலேயே. இரசிகரின் ஆரவாரமும் அத்தகைய விதைப்பே. அஃது ஒரு கோலையும் அடிப்பதில்லை. ஆயினும் பார்ப்பார் இல்லாத அணியைப் பேணுவார் இலர். பேணுவார் இல்லாத அணிக்கு மறுபருவம் இல்லை. செயலற்றவர் என்று மேலே கூறப்பட்ட இரசிகருக்கு உரிய ஒரே செயல் இது.

அவ்விதைப்பின் பயன் தமிழ்நாட்டில் விளைந்தும் இருக்கின்றது. தேசிய மகளிர் போட்டியில் தமிழ்நாட்டு அணி 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என வென்று முதன்முறை வாகை சூடிற்று. 2023 சூனில் அமிர்தசரசில் அரியானாவை அதே 2–1 கணக்கில் வென்று மறுமுறையும் சூடிற்று. கடலூர் மாவட்டத்திலிருந்து எழுந்த இந்துமதி கதிரேசன் போன்றோர் இந்திய அணியின் உடையிலும் ஆடினர். இவர்கள் முதன்முதலில் பந்தை உதைத்த நாளில் அரங்கில் ஐம்பதினாயிரவர் இருந்ததில்லை. ஒரு பயிற்றுநரும், உடன் ஆடுவோரும், எல்லைக்கோட்டருகே நின்ற சிலருமே இருந்திருப்பர். அச்சிலரே பின்னாளைய பல்லாயிரவரின் விதை.

நம் கிறித்தவக் கல்லூரிகளுக்கும் இவ்வகையில் ஒரு மரபுண்டு. 1920-இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய நாள்முதல், ஆட்டக்களமும் வகுப்பறையைப்போல் ஒரு கல்விச்சாலையே என்னும் கொள்கை நம் நாட்டில் பரவிற்று. நம் கல்லூரிக் களத்தில் மாலைதோறும் பெண்மக்கள் ஆடுகின்றனர். இறுதியாட்டத்திற்குத் திரளும் நாம் பயிற்சியாட்டத்திற்கும் சிலராயினும் செல்வோமாக. வென்ற நாளில் வாழ்த்துவது எளிது. 4–0 எனத் தோற்றுத் தலை குனிந்து வெளிவரும் அணியை எழுந்து நின்று வரவேற்பதே இரசிகர்க்கு இலக்கணம். பருவம் முடிந்து வலைகள் கழற்றப்பட்ட பின்னரும் அடுத்த பருவத்தின் அட்டவணை என்று வெளிவரும் என வினவிக்கொண்டிருப்போமாக. அவ்வினா எழும் ஊரில் ஆட்டம் ஒருநாளும் அவிந்துபோகாது.